விடைக்கு மேலே உள்ள வரிகள்

(கணிதம் கற்பிக்கும் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் ஒன்றாம் வகுப்புக்குக் குச்சி எண்ணக் கற்றுக்கொடுப்பவர்களும் இருக்கிறீர்கள். பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல் நடத்துபவர்களும் இருக்கிறீர்கள். இரு தரப்பாருக்கும் பொதுவாக எதைப் பேசலாம் என்று யோசித்தபோது, எல்லா வகுப்பிலும் கேட்கும் ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது. "சார், விடை சரியாத்தானே வந்திருக்கு, எதுக்கு ஸ்டெப் எல்லாம் எழுதணும்?" "டீச்சர், மனசுலயே போட்டுட்டேன், நோட்டுல எழுதணுமா?"

இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "ஸ்டெப்புக்கு மார்க் இருக்கு, எழுது." அந்தப் பதில் பொய்யில்லை. நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக் கணித வினாத்தாளில் 100 மதிப்பெண்ணில் 14 மட்டுமே விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு உரியவை. மீதி 86 மதிப்பெண்ணை எழுதிக் காட்டித்தான் பெற வேண்டும். இறுதி விடை தவறினாலும், அதுவரை சரியாக எழுதிய படிகளுக்கு மதிப்பெண் கிடைக்கும்.

ஆனால் இந்தப் பதில் குழந்தைக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறது? படிகள் எழுதுவது யாரோ முகம் தெரியாத ஒரு திருத்துநருக்காக என்று சொல்லிக்கொடுக்கிறது. மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அந்தத் திருத்துநர் ஏழு ஆண்டு தள்ளி இருக்கிறார். அவருக்காக இன்றைக்கு ஏன் எழுத வேண்டும் என்று அது கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

என் கருத்து இதுதான். ஒரு தீர்வை முழுமையாக எழுதும்போது அதன் முதல் வாசகர், அதை எழுதும் குழந்தையே. இரண்டாம் வாசகர் ஆசிரியர். தேர்வு திருத்துபவர் மூன்றாவதாகத்தான் வருகிறார். இந்த வரிசையிலேயே பேசுகிறேன்.

முழுத் தீர்வு என்று எதைச் சொல்கிறோம்?

முதலில் சொல்லை விளக்கிவிடுகிறேன். நம் மொழியில் 'விடை' வேறு, 'தீர்வு' வேறு. பாடநூலிலும் கணக்குக்குக் கீழே 'தீர்வு' என்று தலைப்பிட்டுத்தான் வரிகள் தொடங்கும். விடை கடைசி வரியில் வரும்.

முழுத் தீர்வு என்றால் நீளமான தீர்வு என்று பொருளில்லை. பத்து வரி எழுதியும் முழுமை இல்லாமல் போகலாம். மூன்று வரியிலேயே முழுமை வந்துவிடலாம். எழுதியவர் பக்கத்தில் நின்று விளக்காமலேயே, அடுத்த பெஞ்சில் இருக்கும் மாணவர் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தால் அது முழுத் தீர்வு. என்ன கொடுத்திருக்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள், என்ன செய்தேன், ஏன் செய்தேன், வந்த விடை பொருந்துகிறதா என்ற ஐந்தும் அதில் தெரியும். இந்த ஐந்தில் நம் குழந்தைகள் அதிகம் விடுவது நான்காவதைத்தான். 'ஏன்' என்பதை விட்டுவிடுகிறார்கள்.

முதல் வாசகர்: எழுதும் குழந்தை

ஏழாம் எட்டாம் வகுப்பில் வரும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு கடைக்காரர் ஒரு சட்டையின் விலையை 20 சதவீதம் ஏற்றுகிறார். விற்கவில்லை என்று பிறகு 20 சதவீதம் குறைக்கிறார். இப்போது விலை என்ன? மனத்துக்குள்ளேயே போட்ட மாணவர் சட்டென்று சொல்வார்: "பழைய விலைதான் சார். ஏத்துனதை இறக்கிட்டாரு."

அதே மாணவரை எழுதச் சொல்லுங்கள். சட்டையின் விலை 500 ரூபாய் என்க. 500-இல் 20 சதவீதம் 100. எனவே புதிய விலை 600. அடுத்த வரியைத் தொடங்கும்போது பேனா நிற்கும். 20 சதவீதம் என்று எழுதியாயிற்று. எதில் 20 சதவீதம்? 500-இலா, 600-இலா? மனத்துக்குள் போடும்போது இந்தக் கேள்வி எழவே இல்லை. எழுதும்போது, 'இல்' என்ற அந்த ஒற்றை உருபு அவரை நிறுத்திக் கேட்கிறது. 600-இல் 20 சதவீதம் 120. எனவே விலை 480. பழைய விலை இல்லை. நாம் சொல்லாமலேயே அவர் கண்டுபிடித்துவிட்டார்.

ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு இன்னொன்று. ஓர் எண்ணின் வர்க்கம் அந்த எண்ணின் ஐந்து மடங்குக்குச் சமம்; அந்த எண் எது? பெரும்பாலான மாணவர்கள் இருபுறமும் அந்த எண்ணால் வகுத்து, 5 என்று விடை எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தால், 'இருபுறமும் அந்த எண்ணால் வகுக்கிறேன்' என்று எழுத வேண்டி வரும். வகுக்கலாமா? பூச்சியத்தால் வகுக்கக் கூடாது என்று படித்திருக்கிறோமே, அந்த எண் பூச்சியமாக இருந்தால்? பூச்சியத்தைப் போட்டுப் பார்த்தால் அதுவும் பொருந்துகிறது. விடை இரண்டு: 5, 0. காரணத்தை எழுதும் பழக்கம் இல்லாத மாணவருக்குப் பூச்சியம் தொலைந்துபோனதே தெரியாது.

தொடக்கப் பள்ளியிலேயே ஆரம்பிக்கும் ஒரு பழக்கத்தையும் சொல்கிறேன். பேனா ஒன்று 8 ரூபாய். 12 பேனா வாங்கி 100 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு? குழந்தை எழுதும்: 12 × 8 = 96 = 100 − 96 = 4. விடை சரி. ஆனால் எழுதியதை அப்படியே வாசித்தால் 96-ம் 4-ம் சமம் என்று வருகிறது. குழந்தைக்குச் சமக்குறி 'அடுத்தது' என்று சொல்லும் குறியாகிவிட்டது. 1557-இல் ராபர்ட் ரெக்கார்டு இந்தக் குறியைப் புத்தகத்தில் முதன்முதலில் பயன்படுத்தியபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்பதையே காரணமாகச் சொன்னார். ஐந்தாம் வகுப்பில் சமக்குறியை 'அடுத்தது' என்று பழகிய குழந்தை, எட்டாம் வகுப்பில் சமன்பாட்டுக்கு வந்ததும் திணறுகிறது. இருபுறமும் ஒன்றையே செய்ய வேண்டும் என்பது அதற்குப் புரிவதில்லை. இரண்டு வரியாக எழுதச் சொல்லுங்கள். '12 பேனாவின் விலை = 12 × 8 = 96 ரூபாய். மீதி = 100 − 96 = 4 ரூபாய்.' எழுதியதை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பொய்யான வாக்கியத்தைக் குழந்தையின் காதே கண்டுபிடிக்கும்.

இரண்டாம் வாசகர்: நாம்

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் நாம் குழந்தையின் நோட்டைப் பார்க்கிறோம். விடை மட்டும் எழுதிய நோட்டில் நாடி கிடைக்காது.

இரண்டாம் வகுப்பு நோட்டில் மூன்று கழித்தல் கணக்குகள். 52 − 27 = 35. 71 − 38 = 47. 80 − 46 = 46. மூன்றும் தவறு. மூன்று பெருக்கல் குறி போட்டு, 'கவனம் தேவை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். கொஞ்சம் நின்று பாருங்கள். இந்தக் குழந்தை மிகக் கவனமாகத்தான் செய்திருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. ஒன்றுகள் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2 போக 5 என்று எழுதியிருக்கிறது. மூன்று கணக்கிலும் ஒரே விதி. அதாவது இங்கே இருப்பது மூன்று தவறுகள் அல்ல, ஒரே ஒரு தவறான புரிதல்.

1978-இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். குழந்தைகளின் தவறுகளில் பல கவனக்குறைவால் வருபவை அல்ல. தவறான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்று கழித்தல் கணக்குகளை வைத்தே காட்டினார்கள். அந்த விதியை நாம் கண்டுபிடித்தால் ஒரு பாடவேளையில் சரிசெய்துவிடலாம். கண்டுபிடிக்காவிட்டால் இன்னும் முப்பது கணக்கு வீட்டுப்பாடமாகக் கொடுப்போம். முப்பதையும் அதே விதிப்படி அந்தக் குழந்தை தவறாகச் செய்துகொண்டு வரும். தவறான விதி நன்றாக மனத்தில் பதிந்துவிடும்.

இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு முழுத் தீர்வு என்பது பத்திகளாக எழுதுவது அல்ல. 52 என்பதை ஐந்து பத்துக் கட்டாகவும் இரண்டு உதிரிக் குச்சியாகவும் வரையட்டும். ஒரு கட்டைப் பிரித்துப் பன்னிரண்டு உதிரியாக வரையட்டும். பிறகு 27-ஐ அடித்துவிட்டு மீதியை எண்ணட்டும். அந்தப் படம்தான் அதன் முழுத் தீர்வு.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சரியான விடைக்குப் பின்னால் தவறான புரிதல் ஒளிந்திருக்கலாம். 64-இல் 16 என்ற பின்னத்தைச் சுருக்கச் சொன்னால், ஒரு மாணவர் மேலேயும் கீழேயும் உள்ள 6-ஐ அடித்துவிட்டு நான்கில் ஒன்று என்று எழுதுகிறார். விடை சரி! 95-இல் 19 என்ற பின்னத்திலும் 9-களை அடித்தால் ஐந்தில் ஒன்று என்று சரியாகவே வரும். விடையை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் முழு மதிப்பெண் போட்டு அனுப்புவோம். அதே மாணவர் 24-இல் 12 என்ற பின்னத்தில் 2-களை அடித்து, பாதி என்று வர வேண்டிய இடத்தில் நான்கில் ஒன்று என்று எழுதும்போதுதான் திடுக்கிடுவோம். '16-க்கும் 64-க்கும் பொதுவான வகுத்தி 16. இரண்டையும் 16-ஆல் வகுக்கிறேன்' என்ற ஒரு வரியைக் கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

மனக்கணக்கு வேண்டாமா?

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு வரும். நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடமாகச் சொல்லி, மனக்கணக்கில் புலிகளாக இருந்தார்களே? எழுது எழுது என்று சொல்லி அந்தத் திறமையைக் கெடுத்துவிட மாட்டோமா?

இந்த அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் தெருவில் பொருள் விற்கும் ஐந்து சிறுவர் சிறுமியரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 1985-இல் வெளிவந்தது. சந்தையில் வாடிக்கையாளர் கேட்பதுபோல் கேட்டபோது, அவர்கள் 98 விழுக்காடு கணக்குகளைச் சரியாகச் சொன்னார்கள். அதே எண்களைக் காகிதத்தில் பள்ளிக் கணக்காகக் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரி. இளநீர் விற்ற ஒரு சிறுவனிடம் ஒன்றின் விலை 35 என்றால் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார்கள். மூன்று 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, மேலும் மூன்று சேர்த்தால் 315, இன்னும் ஒன்று, ஆகவே 350 என்று கணக்கிட்டான். பத்தால் பெருக்கப் பூச்சியம் சேர்த்தால் போதும் என்ற பள்ளி வழியை அவன் தொடவே இல்லை.

இதிலிருந்து எழுதுவது கெடுதல் என்று நான் முடிவுக்கு வரவில்லை. அந்தக் குழந்தைகள் காகிதத்தில் எழுதியது தங்கள் சிந்தனையை அல்ல. பள்ளிக்கூடம் கொடுத்த வழிமுறையை. நாம் கேட்க வேண்டியது அவர்களுடைய சொந்த வழியை எழுதச் சொல்லி.

நான் பார்வைக்குச் சென்ற ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. மாலையில் அம்மாவுடன் பூ விற்பவள். 25 × 7 = 145 என்று எழுதியிருந்தாள். வகுப்பாசிரியை திட்டவில்லை, சரியான விடையையும் சொல்லவில்லை. "முழம் இருபத்தஞ்சு ரூபான்னு ஒருத்தங்க ஏழு முழம் கேட்டா எவ்வளவு வாங்குவம்மா?" என்று கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. "நூத்தி எழுபத்தஞ்சு மிஸ்." "எப்படி?" "நாலு முழம் நூறு. மூணு முழம் எழுபத்தஞ்சு." "அதையே எழுது." எழுதினாள்: 4 முழம் = 100 ரூபாய். 3 முழம் = 75 ரூபாய். எனவே 7 முழம் = 175 ரூபாய்.

எழுதிவிட்டு மேலே இருந்த 145-ஐப் பார்த்தாள். "மிஸ், மேல போட்டது தப்பு. முப்பது குறையுது." ஆசிரியை, "அந்த முப்பது எங்கே போச்சுன்னு தேடு" என்றார். கொஞ்ச நேரத்தில், ஐயேழு முப்பத்தைந்தில் 5-ஐ எழுதிவிட்டு 3-ஐ மேலே ஏற்றாமல் விட்டதைக் காட்டினாள். ஏற்றும் எண் 3 உண்மையில் முப்பது என்பதை அவளுக்கு அன்றைக்கு யாரும் விளக்கவில்லை. இரண்டு வழியும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டிருந்ததால் அவளே பார்த்துக்கொண்டாள்.

மனக்கணக்கும் எழுத்தும் பகையாளிகள் அல்ல. மனம் வேகமாகப் போகும். எழுத்து அது போன தடத்தைக் காட்டும்.

ராமானுஜன் எழுதினாரா?

இன்னொரு மறுப்பும் வரும். "கணித மேதை ராமானுஜன் விடையை மட்டும்தானே எழுதினார்?" நன்றாகப் படிக்கும் மாணவர்கள் இதைச் சொல்வார்கள், நம்மில் சிலரும் சொல்வோம்.

ராமானுஜன் வழிமுறையை எழுதாதவர் அல்லர். அவர் பலகையில் எழுதினார். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாததால் சிலேட்டில் போட்டுப் பார்த்து, அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். படிகள் இருந்தன, சிலேட்டோடு அழிந்தன. அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்று பாருங்கள். 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் கழக எழுத்தராக இருந்த அவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி வியந்து எழுதிய பதிலில் முக்கியமாகக் கேட்டது நிரூபணங்களைத்தான். அந்த முடிவுகளில் பெரும்பாலானவை சரி. பகா எண்களைப் பற்றிய சில கூற்றுகள் தவறு என்று தெரியவந்தது. அவர் நோட்டுப் புத்தகங்களில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளுக்கு முறையான நிரூபணங்களைத் தொகுத்து, புரூஸ் பெர்ன்ட் என்ற கணித அறிஞர் வெளியிட்ட ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வந்தன. சிலேட்டில் அழிந்துபோனதை மீட்க மற்றவர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. இங்கிலாந்து சென்ற பிறகு ராமானுஜன் தம் கட்டுரைகளை நிரூபணங்களுடன் வெளியிட்டார் என்பதையும் மாணவர்களிடம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

"இடம் போதவில்லை சார்" என்று சொல்லும் மாணவருக்கு ஃபெர்மா கதையைச் சொல்லலாம். பதினேழாம் நூற்றாண்டில் அவர் ஒரு தேற்றத்தைப் புத்தக ஓரத்தில் குறித்துவிட்டு, நிரூபணம் எழுத ஓரம் போதாது என்று எழுதி வைத்தார். உலகம் 350 ஆண்டுக்கு மேல் தேடியது. 1993-இல் ஆண்ட்ரூ வைல்ஸ் நிரூபித்துவிட்டதாகக் கேம்பிரிட்ஜில் அறிவித்தார். உரை கேட்டவர்கள் கைதட்டினார்கள். அவர் எழுதிய முழு நிரூபணத்தைச் சக அறிஞர்கள் வரிவரியாகச் சரிபார்த்துக் கேள்வி கேட்டபோதுதான் ஓர் இடைவெளி தெரிந்தது. ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு 1994-இல் அதை அடைத்தார். 1995-இல் அச்சில் வந்தது. ஏழாண்டு தனிமையில் உழைத்த ஒருவருக்கே எழுத்தும் அதைப் படிப்பவரும் தேவைப்பட்டார்கள். நம் குழந்தைகளுக்குத் தேவைப்படாதா?

பார்த்து எழுதிய முழுத் தீர்வு

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை வெளிப்படையாகப் பேச வேண்டும். நம் பள்ளிகளில் முழுத் தீர்வுகளுக்குப் பஞ்சமில்லை. அட்டை போட்ட, கோடு போட்ட, அழகான கையெழுத்தில் நோட்டு நோட்டாக இருக்கின்றன. கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதியவை. உரைநூலிலிருந்து பார்த்து எழுதியவை. எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்தால் அந்த நோட்டின் சொந்தக்காரர் திகைத்து நிற்கிறார். எழுதியது கை, மனம் அங்கே இல்லை.

1989-இல் மிஷலின் சீ என்ற உளவியல் அறிஞரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. எழுதிக் கொடுத்த இயந்திரவியல் தீர்வுகளைக் கல்லூரி மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனித்தார்கள். பின்னர் புதிய கணக்குகளை நன்றாகச் செய்தவர்கள், படிக்கும்போதே ஒவ்வோர் அடியிலும் இது ஏன் வந்தது என்று தமக்குத் தாமே விளக்கிக்கொண்டவர்கள். எந்த இடம் புரியவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனவே கரும்பலகைத் தீர்வும் வீணில்லை. 'ஏன்' என்ற கேள்வியோடு சேர்ந்தால்தான் அது பயன்படும்.

நாளை வகுப்பில் என்ன செய்யலாம்?

"நாற்பது நோட்டு, பாடத்திட்டம், பதிவேடு, இதற்கு நடுவே இது முடியுமா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. முடிகிற அளவில் சில வழிகளைச் சொல்கிறேன்.

ஒன்று, எல்லாக் கணக்குக்கும் முழுத் தீர்வு கேட்காதீர்கள். புரிந்த கணக்கைப் பத்து முறை விரிவாக எழுதச் சொல்வது தண்டனை. ஒரு பயிற்சியில் ஒரே வகைக் கணக்கு பத்து இருந்தால் ஒன்றை மட்டும் காரணங்களோடு எழுதட்டும். மற்றவை சுருக்கமாக இருக்கட்டும்.

இரண்டு, அந்த ஒரு கணக்குக்குப் பக்கத்தை நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் படி, வலப்பக்கம் 'ஏன்'. கரும்பலகையில் நீங்கள் இடப்பக்கத்தை மட்டும் எழுதுங்கள்; வலப்பக்கத்தை மாணவர் நிரப்பட்டும். பார்த்து எழுதுவது அப்போதே பாதி குறையும்.

மூன்று, 'என்க', 'எனில்', 'ஏனெனில்', 'எனவே' என்ற நான்கு சொற்களை வகுப்புச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கணிதத்தின் எலும்பு இந்தச் சொற்களில் இருக்கிறது. ஆங்கிலவழிப் பிரிவுக் குழந்தைகளும் காரணத்தைத் தமிழில் எழுத அனுமதியுங்கள். யோசிப்பது ஒரு மொழியிலும் எழுதுவது வேறொரு மொழியிலுமாக இருந்தால், 'ஏன்' என்ற வரிதான் முதலில் காணாமல் போகும்.

நான்கு, தவறை ரப்பரால் அழிக்க வேண்டாம். ஒரே கோட்டால் அடித்துவிட்டுக் கீழே எழுதட்டும். பூ விற்கும் மாணவியின் 145 அழிந்திருந்தால் அந்த முப்பதை அவள் தேடியிருக்க முடியாது.

ஐந்து, ஒரு நாளைக்கு ஐந்து நோட்டு மட்டும் ஆழமாகப் படியுங்கள். நாற்பது பேர் என்றால் எட்டு வேலைநாளில் ஒரு சுற்று வரும். முதல் தவறான வரியை மட்டும் வட்டமிடுங்கள். அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் சிவப்பாக்க வேண்டாம். அங்கிருந்து மாணவரே திரும்ப நடக்கட்டும்.

ஆறு, பக்கத்து மாணவரின் தீர்வைப் படித்து, புரியாத வரிக்கு நேரே ஒரு கேள்விக்குறி போடச் சொல்லுங்கள். சரி, தவறு என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம்; கேள்விக்குறி போதும். எழுதியவர் பதில் எழுத வேண்டும்.

யாருக்காக?

நிறைவாக ஒன்று. நம் பள்ளிகளுக்கு வரும் குழந்தைகளில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வருபவர்கள். இரவு எட்டு மணிக்கு ஒரு கணக்கில் சிக்கிக்கொண்டால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாது. தெரிந்தாலும் வேலை முடிந்து வந்திருக்க மாட்டார்கள். தனிப்பயிற்சிக்குப் பணம் இல்லை. வசதியுள்ள குழந்தைக்கு நோட்டு இல்லாவிட்டாலும் கேட்க ஆள் இருக்கிறது. நம் குழந்தைக்கு அந்த நேரத்தில் இருப்பது அதன் நோட்டு மட்டும்தான்.

அந்த நோட்டைத் திறக்கும்போது போன வாரக் கணக்குக்குக் கீழே 480 என்று மட்டும் இருந்தால் அது எந்த உதவியும் செய்யாது. '600-இல் 20 சதவீதம், ஏனெனில் குறைப்பது புதிய விலையில்' என்று தன் கையெழுத்தில், தன் சொற்களில் இருந்தால், போன வாரம் புரிந்துகொண்ட அதே குழந்தை இன்றைக்குத் தவிக்கும் குழந்தைக்குப் பாடம் சொல்லும். அந்த ஆசிரியருக்குச் சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, மாறுதலும் கிடையாது.

எனவே இந்த வாரம் உங்கள் வகுப்பில் ஒரே ஒரு கணக்கைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மட்டும் 'ஏன்' எழுதச் சொல்லுங்கள். எழுதி வந்ததில் ஐந்து நோட்டைப் பொறுமையாகப் படியுங்கள். அடுத்த வாரம் எந்தப் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும் என்பதை அந்த ஐந்து நோட்டுகளே சொல்லிவிடும்.